லூசிண்டாவின் இழுவை

வணக்கம்.

எங்கோ போகிற போக்கில் அமெரிக்கப் பாடகி லூசிண்டா வில்லியம்ஸ் பெயரைச் சொல்லியிருந்தீர்கள். தேடிப் பிடித்து, 1998இல் வந்த 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோட்' ஆல்பத்தில் தொடங்கினேன். ஒரு மாதம் வேறெதுவும் ஓடவில்லை. அந்த ஆசையிலேயே 2023 ஆல்பமான 'ஸ்டோரீஸ் ஃப்ரம் எ ராக் அண்ட் ரோல் ஹார்ட்' போட்டுக் கேட்டேன். ஏமாற்றம். குரல் குழறுகிறது. பக்கவாதம் வந்தவர், கிட்டார் வாசிக்க முடியாதவர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. எழுதியவர்கள் என்று பாட்டுக்குப் பாட்டு மூன்று நான்கு பேர் பெயர் வேறு. இரக்கப்பட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு நல்ல ஒன்றைச் செய்தவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டால் என்ன? கேள்வி கொடூரமாக இருந்தால் மன்னியுங்கள்.

கே.

அன்புள்ள கே,

கொடூரமெல்லாம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், அந்த அம்மா தாங்குவார். இரக்கப்பட்டுக் கேட்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

முதலில் குரல். அந்த இழுவையை நோயின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். 2003இல் வந்த 'வேர்ல்ட் வித்அவுட் டியர்ஸ்' கேளுங்கள். பக்கவாதத்துக்குப் பதினேழு வருடம் முந்தையது. அதிலேயே சொற்களின் வாலை விழுங்குவார். டிரம்ஸ் அடி விழுந்து முடிந்த பிறகு, என்ன அவசரம் என்பது போல வந்து சொல்லைக் கீழே வைப்பார். லூசியானாவில் லேக் சார்ல்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அந்தப் பக்கத்துப் பேச்சே இழுவைதான். 2020 நவம்பரில் மூளையின் வலது பக்கத்தில் ரத்தம் கட்டி, இடது கையும் காலும் பாதிக்கப்பட்டன. ஒரு வாரம் தீவிர சிகிச்சை, அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. குரல் தப்பித்தது. நீங்கள் 1998இலிருந்து ஒரே தாவாக 2023க்கு வந்துவிட்டீர்கள், நடுவில் இருக்கிற கால் நூற்றாண்டைக் கேட்கவில்லை. எழுபது வயதுக் குரல் எழுபது வயதுக் குரலாகத்தானே இருக்கும்?

கிட்டார் விஷயம் வேறு. அது உண்மையான இழப்பு. வலது கை கம்பியை மீட்டும், ஆனால் கம்பிகளை அழுத்தி சுரக்கூட்டு (கார்டு) பிடிப்பது இடது கை விரல்கள். போனது அந்தக் கை. மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து எழுதிப் பழகிய ஒருவருக்கு அது வெறும் பக்கவாத்தியம் இல்லை. எனக்கு ஒருமுறை மணிக்கட்டு உடைந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். வாயால் சொல்லிச் சொல்லி எழுதியதில் என் வாக்கியங்கள் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போயின. கட்டுப் பிரித்ததும் பழைய வாக்கியம் திரும்பி வந்தது. அவருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அதனால் கணவர் டாம் ஓவர்பி, கச்சேரிப் பயணங்களைக் கவனிக்கும் மேலாளர் ட்ராவிஸ் ஸ்டீவன்ஸ், நியூயார்க் பாடகர் ஜெஸ்ஸி மாலின் என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டு எழுதினார்.

இந்தக் 'கூட்டு' உங்களுக்கு உறுத்துகிறது, சரி. நீங்கள் ஒரு மாதம் கேட்ட ஆல்பம் எப்படி உருவானது தெரியுமா? 1995இல் ஆஸ்டினில் பதிவு செய்தார். திருப்தியில்லை. மறு வருடம் நாஷ்வில் போய் ஸ்டீவ் எர்ல், ரே கென்னடி என்ற இரு தயாரிப்பாளர்களோடும் மறுபடி முதலிலிருந்து. அதுவும் போதாமல் லாஸ் ஏஞ்சலிஸில், ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் கீபோர்டுக்காரர் ராய் பிட்டனோடு மிச்ச வேலை. முந்தைய ஆல்பம் 1992இல் வந்தது, இது வர ஆறு வருடம் ஆயிற்று. பல காலம் கூடவே வாசித்த கிட்டார்காரர் கர்ஃப் மார்லிக்ஸ் இதற்கு நடுவில் விலகிப் போனார். இன்னொன்று: அதில் துள்ளலாக வருமே 'கான்ட் லெட் கோ', அது இவர் எழுதியதே இல்லை. ராண்டி வீக்ஸ் எழுதியது.

நிறுத்திக்கொண்டால் என்ன என்று கேட்டீர்கள். நிறுத்துவது எப்படியிருக்கும் என்பதை அவர் வீட்டிலேயே பார்த்தவர். அப்பா மில்லர் வில்லியம்ஸ் கவிஞர். 1997இல் கிளிண்டன் இரண்டாம் முறை பதவியேற்றபோது மேடையில் கவிதை வாசித்தவர். கல்லூரி கல்லூரியாக வேலை மாறியதால் குடும்பமும் ஊர் ஊராக மாறியது. நீங்கள் கேட்ட ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு அதுதான்: சரளைக்கல்லில் சக்கரம் நெரியும் சத்தம், காரின் பின்சீட்டில் ஒரு குழந்தை. நாஷ்வில் ப்ளூபேர்ட் கஃபேயில் மகள் அதைப் பாடி இறங்கியதும் அப்பா வந்து 'மன்னித்துக்கொள்' என்றாராம். அந்தக் குழந்தை தான்தான் என்பது மகளுக்கே அப்போதுதான் உறைத்ததாகச் சொல்லியிருக்கிறார். பிறகு அப்பாவுக்கு அல்சைமர் வந்தது. ஒருநாள் மகளிடம், இனி என்னால் கவிதை எழுத முடியவில்லை என்றார். அவர் இறந்ததைவிட அந்த வாக்கியம்தான் தன்னை உடைத்தது என்பது போலத்தான் லூசிண்டா பேசுவார். 2015 ஜனவரி முதல் தேதி அப்பா போனார். அடுத்த வருட ஆல்பத்தில் அந்த நோயைக் கொல்லத் துடிக்கிற ஒரு பாட்டு இருக்கிறது. இப்படிப்பட்டவரிடம் போய் 'மரியாதையாக ஓய்வெடுங்கள்' என்றால் என்ன சொல்வார்? பக்கவாதம் வந்து எட்டே மாதத்தில், 2021 ஜூலையில், மேடைக்குத் திரும்பிவிட்டார். கிட்டார் இல்லாமல்.

இவ்வளவும் சொல்வதால் 2023 ஆல்பம் பழையதற்கு நிகர் என்று அர்த்தமில்லை. பத்துப் பாட்டில் பாதி எனக்கும் சுமார்தான். முதல் பாட்டைக் கேட்டால், பழைய நண்பர்கள் ஒன்றுகூடும் விழாவில் மைக் கிடைத்தவர் பேச்சு மாதிரி இருக்கிறது. வேறு இரண்டு பாட்டுகளில் ஸ்பிரிங்ஸ்டீனும் மனைவி பாட்டி ஸ்கால்ஃபாவும் பின்குரல் கொடுத்திருக்கிறார்கள், அதைத்தான் எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

ஆனால் 'ஹம்ஸ் லிக்கர்' என்ற பாட்டைத் தாண்டிப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மினியாபோலிஸில் ஒரு மதுக்கடை. டாம் ஓவர்பி அந்தப் பக்கம் குடியிருந்த காலத்தில், ஒரு ஆள் கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த ஆள், ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற ராக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட கிட்டார்காரர் பாப் ஸ்டின்சன். 1995இல், முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். கணவர் ஜன்னல் வழியாகப் பார்த்த காட்சியை மனைவி பாடுகிறார். பின்னால் ஒரு ஆண்குரல் சேர்ந்துகொள்கிறது பாருங்கள், அது டாமி ஸ்டின்சன். பாபின் தம்பி. அண்ணன் குடித்தே அழிந்த பாட்டுக்குத் தம்பி சுருதி சேர்க்கிறார். தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்தப் பாட்டு கிடைத்திருக்காது.

அதை மட்டும் ஒருதரம் கேளுங்கள், காரில் வேண்டாம், ஹெட்ஃபோனில். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், சண்டை போடுவோம்.