நான்கு தடங்களில் ஓர் ஆல்பம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் வெளியிட்ட ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ ஆல்பத்தின் ஒலிப்பதிவைப் பற்றியும், அதே காலத்தில் வந்த வேறு சில இசைத்தட்டுகளைப் பற்றியும் வந்த கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

என் அண்ணன் மகன் தன் மடிக்கணினியில் நூறு தடங்கள் வரை வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்கிறான். அந்தக் காலத்தில் நான்கே தடங்கள்தாம் என்கிறார்கள். நாற்பது பேர் வாசித்த இசையை அதற்குள் எப்படி அடக்கினார்கள்?
— திருச்சி வாசகர்

லண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்போது இருந்தது ஸ்விட்சர்லாந்தில் செய்த ஸ்டூடர் ஜே37 என்ற இயந்திரம். ஓர் அங்குல அகலமுள்ள நாடாவின் மேல் அது நான்கு தடங்களை, அதாவது தனித்தனியே பதியக்கூடிய நான்கு ஒலி வரிகளை, பதியும். முதல் தடத்தில் டிரம், இரண்டாவதில் கிட்டார், மூன்றாவதில் பியானோ, நான்காவதில் குரல் என்று வைத்துக்கொண்டால் அதோடு நாடா நிறைந்துவிடும். அதற்கு மேல் ஏதேனும் சேர்க்க வேண்டுமானால், நிறைந்த நான்கு தடங்களையும் ஒன்றாகக் கலந்து இன்னொரு நாடாவின் ஒன்று அல்லது இரண்டு தடங்களில் ஏற்றி, மீதித் தடங்களைக் காலியாக்கிக்கொள்ள வேண்டும். இதில் இரண்டு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் நாடாவின் இரைச்சல் சற்றே கூடும். அதைவிட முக்கியமாக, ஒருமுறை கலந்துவிட்டால் டிரம்மை மட்டும் குறைக்கவோ கிட்டாரை மட்டும் கூட்டவோ பிறகு வழியே கிடையாது. எது முன்னே நிற்க வேண்டும், எது பின்னே ஒதுங்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் அன்றிரவே முடிவு செய்தாக வேண்டும். இந்த ஆல்பத்தின் ஒலியை உருவாக்கியதில் எந்தக் கருவியையும்விட இந்தக் கட்டாயத்துக்குத்தான் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

நீங்கள் கேட்கும் நாற்பது பேர் ‘எ டே இன் த லைஃப்’ பாட்டுக்கு வாசித்தவர்கள். 1967 ஜனவரி 19-இல் அந்தப் பாட்டைப் பதியத் தொடங்கியபோது நடுவில் இருபத்து நான்கு தாளச் சுற்றுகளுக்கு என்ன வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. எனவே அந்த இடத்தை வெறுமையாக விட்டு, குழுவின் உதவியாளர் மால் எவன்ஸை ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணச் சொன்னார்கள்; எண்ணி முடிந்ததைத் தெரிவிக்க ஓர் அலாரக் கடிகாரத்தை ஒலிக்கவிட்டார்கள். பிறகு அந்த மணியோசையை நாடாவிலிருந்து தனியே பிரித்தெடுக்க முடியவில்லை. அதையடுத்து பால் மெக்கார்ட்னி பாடும் பகுதி, படுக்கையிலிருந்து எழுவதைச் சொல்லித் தொடங்குவதால், மணி அங்கேயே பொருந்தி நின்றுவிட்டது.

பிப்ரவரி 10 அன்று ஆர்க்கெஸ்ட்ரா வந்தபோது நாடாவில் இடமில்லை. கூடத்தின் தொழில்நுட்பப் பொறியாளர் கென் டவுன்சென்ட் ஒரு நாடாவின் தடத்தில் 50 ஹெர்ட்ஸ் சமிக்ஞையைப் பதிந்து, அதைக் கொண்டு இரண்டாவது இயந்திரத்தின் மோட்டார் வேகத்தை ஓட்டி, இரண்டு இயந்திரங்களையும் இணையாக ஓடச் செய்தார். இரண்டையும் ஒரே கணத்தில் புறப்படச் செய்வது முழுக்கக் கைப்பழக்கத்தை நம்பிய வேலை. இரண்டாவது நாடாவின் நான்கு தடங்களிலும் அந்த நாற்பது பேரையே மறுபடி மறுபடி வாசிக்க வைத்ததால், நூற்று அறுபது பேர் வாசித்த கனம் அதற்குக் கிடைத்தது. ஒவ்வொருவரும் தம் கருவியின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தில் மெல்லத் தொடங்கி, இருபத்து நான்கு சுற்றுகள் முடிவதற்குள் உச்சத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்கக் கூடாது என்று மார்ட்டின் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப்போவதையே வாழ்நாள் முழுதும் பயின்றவர்களிடம் இதைக் கேட்டால் அவர்கள் எப்படி விழித்திருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பாட்டின் கடைசி ஒலியையும் கவனித்துக் கேளுங்கள். பிப்ரவரி 22 அன்று சிலர் சேர்ந்து பியானோக்களின் கட்டைகளை ஒரே நேரத்தில் ஓங்கி அழுத்திவிட்டுக் கையை எடுக்காமல் நின்றார்கள். ஒலி தேயத் தேய எமெரிக் ஒலியளவைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போனார். நாற்பது நொடிக்கும் மேல் நீளும் அந்த ஒலியின் முடிவில், ஹெட்ஃபோனில் கேட்டால், நாற்காலி ஒன்று கிறீச்சிடுவது தெளிவாகக் கேட்கும். ஒலி அவ்வளவு ஏற்றப்பட்டிருந்தது.

என் தந்தை விட்டுச்சென்ற சார்ஜென்ட் பெப்பர் இசைத்தட்டு மோனோ. ஸ்டீரியோதான் உயர்ந்தது, இதைத் தள்ளிவிடுங்கள் என்று பழைய தட்டுகள் விற்கும் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?
— கோவை வாசகி

தள்ளிவிடாதீர்கள். 1967-இல் பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒரே ஒலிபெருக்கி கொண்ட கருவிதான். ஆகவே பீட்டில்ஸ் குழுவினர் மோனோ கலவைக்கே உடனிருந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் நேரம் செலவிட்டு ஒப்புதல் தந்தார்கள். ஸ்டீரியோ கலவையைக் கூடத்தினர் பிற்பாடு, அவர்கள் இல்லாமலே, விரைவாக முடித்துவிட்டார்கள். வித்தியாசத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ‘ஷி இஸ் லீவிங் ஹோம்’ பாட்டுக்கு உங்கள் வீட்டு ஹார்மோனியத்தில் சுருதி பிடித்துப் பாருங்கள்: ஸ்டீரியோவில் மூன்று கட்டையில் இருக்கும், மோனோவில் நாடாவைச் சற்று வேகமாக ஓட்டியிருப்பதால் நான்கு கட்டைக்கு ஏறியிருக்கும். ஸ்டீரியோவில் அழுது வடியும் அந்தப் பாட்டு மோனோவில் நிமிர்ந்து நடக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ள வசதி இருந்தால் நல்லது. ஒன்றுதான் என்றால் நான் உங்கள் தந்தையின் பக்கம்.

‘வென் ஐ ஆம் சிக்ஸ்டி ஃபோர்’ பாட்டில் மெக்கார்ட்னியின் குரல் சிறுவன் குரலைப் போல இருக்கிறதே, அது இயல்பான குரலா?
— தஞ்சாவூர் வாசகர்

இல்லை. ஒரு கட்டையில் பாடிப் பதிந்த பாட்டை, நாடாவின் வேகத்தைக் கூட்டி ஒன்றரைக் கட்டைக்கு உயர்த்தினார்கள். குரல் இளமையாக ஒலிக்க வேண்டும் என்று கேட்டவர் மெக்கார்ட்னியே. நாடாவின் வேகத்தோடு விளையாடுவது அவர்களுக்கு அப்போது அன்றாட வேலையாகிவிட்டது. இதே பதிவுகளின்போது உருவாகி, 1967 பிப்ரவரியில் தனித் தட்டாக வந்த ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ உண்மையில் இரண்டு வெவ்வேறு பதிவுகளின் ஒட்டு. ஜான் லெனனுக்கு ஏழாவது பதிவின் தொடக்கமும், டிரம்பெட்டும் செல்லோவும் சேர்ந்த இருபத்தாறாவது பதிவின் பிற்பகுதியும் பிடித்திருந்தன. இரண்டையும் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டும் வேறு வேகம், வேறு சுருதி. நல்ல வேளையாக, வேகமான பதிவு சுருதியிலும் மேலே இருந்தது. வேகத்தைக் குறைத்தால் சுருதியும் கூடவே இறங்கும் அல்லவா? அப்படி இறக்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆன இடத்தில் கத்தரித்து ஒட்டினார்கள். அந்த ஒட்டு இருக்குமிடத்தைத் தெரிந்துகொண்ட பிறகு அதைக் கேட்காமல் இருப்பது கடினம் என்பதால், இன்னும் கேட்டறியாதவர்கள் இந்தப் பதிலை மறந்துவிடுவது நல்லது.

அந்த ஆல்பத்தில் நம் நாட்டுக் கருவிகளை வாசித்தவர்கள் யார்? உறையில் காந்தியடிகளின் உருவமும் இருந்ததாகச் சொல்கிறார்களே?
— காரைக்குடி வாசகர்

ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய ‘விதின் யூ விதவுட் யூ’ பாட்டின் அடிப்படைப் பதிவு 1967 மார்ச் 15-இல் நடந்தது. வில்லால் வாசிக்கும் தில்ருபா, தபலா, ஸ்வரமண்டல், தம்பூரா ஆகியவற்றை வாசித்தவர்கள் லண்டனில் இயங்கிய ஏஷியன் மியூசிக் சர்க்கிள் அமைப்போடு தொடர்புடைய கலைஞர்கள். குழுவின் மற்ற மூவரும் அதில் வாசிக்கவில்லை. ஏப்ரலில் மார்ட்டின் அதற்கு எட்டு வயலின்களையும் மூன்று செல்லோக்களையும் சேர்த்தபோது, தில்ருபாவின் கமகங்களை மேற்கத்திய ஸ்வரக்குறியில் எழுதி, நேர்கோட்டு ஸ்வரங்களுக்குப் பழகிய வாத்தியக்காரர்களை வழுக்கி வழுக்கி வாசிக்க வைப்பது பெரும்பாடாக இருந்தது. உறையின் பின்பக்கத்தில் எல்லாப் பாட்டுகளின் வரிகளும் அச்சாகியிருந்தன. இந்தக் கலைஞர்களின் பெயர்களுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம் அது.

காந்தியடிகளின் உருவம் படப்பிடிப்புக்கு வைக்கப்பட்டிருந்தது உண்மை. இந்தியாவில் மனம் புண்படும், அங்கே விற்பனையும் கெடும் என்று ஈ.எம்.ஐ. தலைவர் சர் ஜோசப் லாக்வுட் கருதியதால் அச்சுக்குப் போகுமுன் அதை மறைத்துவிட்டார்கள். ஹாரிசன் தேர்ந்தெடுத்த பரமஹம்ச யோகானந்தரும் அவருடைய குருபரம்பரையினரும் உறையில் இருக்கிறார்கள்.

இதற்கு அடுத்த ஆண்டு, 1968 ஜனவரியில், ஹாரிசன் பம்பாய்க்கே வந்து எச்.எம்.வி. கூடத்தில் பதிவு செய்தார். ஸ்டீரியோவில் பதிவதற்காக இரண்டு தட இயந்திரத்தைக் கல்கத்தாவிலிருந்து கொண்டுவர ஏற்பாடு செய்தவர் ஈ.எம்.ஐ.யின் இந்திய நிறுவனத்தில் பணியாற்றிய, திருவனந்தபுரத்தில் பிறந்த பாஸ்கர் மேனன். ‘தி இன்னர் லைட்’ பாட்டின் வாத்தியப் பகுதி அங்கே பதிவானதுதான்.

எல்லா ஆல்பங்களுக்கும் இப்படி மாதக்கணக்கில் ஆயிற்றா?
— மதுரை வாசகர்

இல்லவே இல்லை. பீட்டில்ஸே 1963-இல் தங்கள் முதல் ஆல்பத்துக்கான பத்துப் பாட்டுகளை ஒரே நாளில் பதிந்தவர்கள். சார்ஜென்ட் பெப்பர் 1966 நவம்பர் தொடங்கி 1967 ஏப்ரல் வரை இழுத்தது. 700 மணி நேரம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதே 1967-இன் இறுதியில் பாப் டிலன் நாஷ்வில் நகரில் மூன்றே அமர்வுகளில் ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’ ஆல்பத்தை முடித்துவிட்டார். 1968-இல் வான் மாரிசன் நியூயார்க்கில் ஜாஸ் கலைஞர்களோடு அமர்ந்து ‘ஆஸ்ட்ரல் வீக்ஸ்’ ஆல்பத்தைப் பதிந்ததும் மூன்று அமர்வுகளில்தான். வயலின் முதலியன பிறகு சேர்ந்தன. ரிச்சர்ட் டேவிஸின் பேஸ், பாடகர் அடுத்து என்ன செய்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டு பின்தொடர்வதை அதில் கேட்கலாம். நாடாவைக் கத்தரித்து ஒட்டி அதை உண்டாக்க முடியாது.

எட்டுத் தட இயந்திரம் வந்த பிறகு வேலை எளிதாயிருக்குமே?
— சேலம் வாசகி

எளிதாயிற்று. 1968 ஜூலை இறுதியில் ‘ஹே ஜூட்’ பாட்டுக்காக அவர்கள் சோஹோ பகுதியில் இருந்த டிரைடென்ட் கூடத்துக்குப் போனதே அங்கே எட்டுத் தட இயந்திரம் இருந்ததால்தான். ஈ.எம்.ஐ. வாங்கிய எட்டுத் தட இயந்திரமோ அப்போது சோதனைக்கென்று ஓர் அறையில் கிடந்தது. செப்டம்பரில் அதைக் கூடத்துக்குள் இழுத்து வந்துவிட்டார்கள். 1969-இல் வந்த ‘ஆபி ரோடு’ எட்டுத் தடங்களோடும் புதிய டிரான்சிஸ்டர் கலவைப் பலகையோடும் உருவானது. அதன் ஒலி பட்டுப்போல வழவழப்பானது, மறுக்கவில்லை. ஆனால் முடிவெடுப்பதை நாளைக்கு ஒத்திப்போடும் வசதி வந்ததும் அந்த வழவழப்பில் தெரிகிறது. சார்ஜென்ட் பெப்பர் காலத்துப் பழைய வால்வு இயந்திரத்தில் டிரம் முகத்தில் அறைவது போல விழுந்த அடி, இதில் மெத்தைமேல் விழுகிறது.

என்னிடம் உள்ள சார்ஜென்ட் பெப்பர் தட்டில் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு யாரோ உளறுவது போன்ற ஓசை நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தட்டு பழுதா?
— புதுச்சேரி வாசகர்

பழுதில்லை, வேண்டுமென்றே வைத்தது. இசைத்தட்டின் நடுவில், லேபிளை ஒட்டி, முள் வெளியேறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டப் பள்ளம் உண்டு. பொதுவாக அதில் ஒன்றும் இருக்காது. பிரிட்டனில் வெளியான முதல் பதிப்பில் அந்தப் பள்ளத்துக்குள் நால்வரின் சிரிப்பையும் பேச்சையும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி வைத்தார்கள். அமெரிக்கப் பதிப்பில் அது இல்லை. அதற்குச் சற்று முன்பு 15,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு கீச்சொலியும் இருக்கிறது. நாய்களுக்கென்று வைத்தது. ஐம்பதைத் தாண்டிய நம் காதுகளுக்கு அது கேட்பது அரிது. பேரனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தானாகவே முள்ளைத் தூக்கிவிடும் கருவியில் இந்த உளறல் ஓரிரு நொடிகளில் நின்றுவிடும். உங்களுடையது கையால் இயக்கும் கருவி போலிருக்கிறது. நீங்கள் எழுந்து போய் முள்ளைத் தூக்கும் வரை அது பேசிக்கொண்டுதான் இருக்கும்.