புது தோல் சீட்டை எண்ணெயில் ஊறவைக்கலாமா?

கேள்வி: ப்ரூக்ஸ் பி17 ரகத் தோல் சீட் ஒன்றை சைக்கிளில் மாட்டியிருக்கிறேன். பலகையில் உட்கார்ந்ததுபோல் வலிக்கிறது. எண்ணெயில் ஊறவைத்தால் சீக்கிரம் இளகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இந்த சீட்டுக்குள் பஞ்சோ ஜெல்லோ கிடையாது. முன்னும் பின்னும் ரிவெட் அடித்து இழுத்துக் கட்டிய, ஏறக்குறைய 5 மி.மீ. கனமுள்ள தோல்தான் உங்கள் எடையைத் தாங்குகிறது. எண்ணெய் ஊறினால் முதலில் சுகமாகத்தான் இருக்கும். பிறகு நடுப்பகுதி தொய்ந்து, ஓரங்கள் வெளியே விரிந்து தொடையில் உரசும். அப்படித் தொய்ந்த தோல் பழைய நிலைக்குத் திரும்பாது.

தோல் சீட்டுக்கென்றே மெழுகும் கொழுப்பும் கலந்த பூச்சு டப்பாவில் வருகிறது. அதைத் துணியில் கொஞ்சமாகத் தொட்டு மேலே மெல்லியதாகத் தடவுங்கள். சொரசொரப்பான அடிப்பக்கத்திலும் தடவி, ஓர் இரவு விட்டு, மேல்புறத்தைத் தேய்த்துத் துடையுங்கள். அதன்பின் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போதும். பூச்சைத் துடைக்காமல் மிச்சம் விட்டால் வெளிர்நிறக் கால்சட்டையில் கறை பிடிக்கும்.

மற்றதை ஓட்டித்தான் பழக்க வேண்டும். முதலில் குறைந்த தூரமாக ஓட்டுங்கள். சில நூறு கி.மீ. ஆகும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் பின்பகுதியில் ஆழமில்லாத இரண்டு குழிகள் தெரியும். உங்கள் இடுப்பெலும்பு ஊன்றும் இடம் அது. சீட்டின் மூக்கை, அதாவது முன்முனையை, மட்டத்தைவிட இம்மியளவு தூக்கி வையுங்கள். உட்கார்ந்ததும் நடுப்பகுதி அமுங்குவதால், மட்டமாக வைத்த சீட்டில் உடல் முன்னால் சரிந்து பாரம் முழுவதும் கைக்குப் போகும். பெடல் மிதிக்கும்போது இடுப்பு இரு பக்கமும் ஆடினால் சீட் உயரம் அதிகம், இறக்குங்கள். இவ்வளவும் சரிசெய்து, குழி விழுந்த பிறகும் வலி குறையாவிட்டால் அகலம் உங்களுக்குப் பொருந்தவில்லை. சீட்டை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: மூக்குக்கு அடியில், தோலை இழுத்துப் பிடிக்கும் நட்டை எப்போது இறுக்குவது?

பதில்: புதிதில் தொடவே தொடாதீர்கள். தொய்வு கண்ணுக்குத் தெரிந்த பிறகு, அதற்குரிய ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் திருப்பி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ரிவெட் ஓட்டையில் தோல் கிழியும்.

கேள்வி: மழையில் நனைந்துவிட்டால்?

பதில்: ஈரத் தோலில் ஏறி ஓட்டினால் சீக்கிரம் நீளும். நிழலில், காற்றில் காயவிடுங்கள். வெயிலும் ஹீட்டரும் தோலை வெடிக்கவைக்கும். காய்ந்ததும் ஒரு பூச்சு கொடுங்கள். சீட்டுக்குப் போடும் மழை உறை மேல்பக்கத்தை மட்டும்தான் காக்கும். பின்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் அடிப்பக்கத்தில் படாமலிருக்க மட்கார்டு அவசியம்.