செம்பருத்தியில் நெளியும் புழு

கேள்வி: எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு நடைவழியில் செம்பருத்தி வைத்திருக்கிறேன். மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சுக்குள் குட்டிப் புழுக்கள் நெளிகின்றன. மருந்து அடிக்கட்டுமா? (யீஷூன் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா, கொஞ்சம் பொறுங்கள். முதலில் பூதக்கண்ணாடியில் பாருங்கள். காலே இல்லாமல், முன்பக்கம் கூம்பி, பின்முனையில் இரண்டு குழல்கள் துருத்திக்கொண்டிருந்தால் அது வெள்ளி ஈயின் புழுவாக இருக்கலாம். அந்தக் குழல்களால்தான் அது மூச்சு விடுகிறது. கமேமையிடே என்ற இந்தக் குடும்பத்து ஈக்கள் சாம்பல் வெள்ளி நிறம். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் நீளம்தான். புழுக்களுக்கு உணவே அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி.

என் அங் மோ கியோ வீட்டுத் தொட்டியில் ஒருநாள் சாயங்காலம் முழுக்க இப்படியொரு புழுவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஞ்சை விலக்கி, முட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்தது. பின்னால் வெறும் தோல்கள்தான் கிடந்தன. எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்! அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களைச் சாறு உறிஞ்சும் பூச்சியிடமிருந்து காப்பாற்ற, மேற்கிலிருந்து இக்குடும்பத்து ஈக்களைக் கொண்டுபோய் 2015 முதல் விட்டிருக்கிறார்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது எறும்பைத் தடுப்பது. இனிப்புக் கழிவுக்காக அது மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், புழுவையும் விரட்டும். தொட்டியை மேசைமேல் வைத்து, மேசைக் கால்களில் வாசலின் தடவுங்கள். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் வேண்டாம், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வந்துவிடும். அப்புறம், பஞ்சு மிக அடர்ந்த கிளை நுனிகளை மட்டும் வெட்டி, பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.