பரணில் கிடக்கும் பம்பரம்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் ஒரு நிமிடம் உட்கார மாட்டான். சோபாவிலிருந்து குதிப்பான், ஜன்னல் கம்பியில் தொங்குவான். கராத்தே, கீபோர்டு, செஸ், அபாகஸ் எல்லாவற்றிலும் சேர்த்துப் பார்த்தோம், எதிலும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. கவனம் என்பதே கிடையாது. போன வாரம்கூட அபாகஸுக்குப் போகாமல், தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் பையனோடு ஒரு மணி நேரம் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டேன். இனி நீச்சலில் சேர்க்கலாமா, சிலம்பத்தில் சேர்க்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: இந்தக் கடிதம் எனக்கு மாதம் நாலைந்தாவது வரும். ஊரும் வகுப்பின் பெயரும்தான் மாறும். அதனால், 'கவலைப்படாதீர்கள், எல்லாம் வயதானால் சரியாகிவிடும்' என்று ஆரம்பிக்கப்போவதில்லை. நேராகப் பம்பரத்துக்கு வருகிறேன்.

ஒரு மணி நேரம் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். கவனமே கிடையாது என்று அதற்கு முந்தைய வரியில் எழுதியதும் நீங்கள்தான். நீங்கள் பம்பரம் விட்டிருக்கிறீர்களா அம்மா? ஆணிப் பக்கத்திலிருந்து சாட்டையை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நெருக்கி நெருக்கிச் சுற்ற வேண்டும். நடுவில் விரல் தளர்ந்தால் தீர்ந்தது, வீசும்போது பொத்தென்று விழும். மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். அப்புறம் அபீட் எடுப்பது. சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் சுண்டித் தூக்கிக் கையில் பிடிக்க எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆனது. அண்ணன்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் பிள்ளை அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை தோற்றிருப்பான்! தோற்றவன் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடி வரவில்லை, சாட்டையைத் திரும்பச் சுற்றியிருக்கிறான். இதைத்தானே நாலு இடத்தில் பணம் கட்டித் தேடினீர்கள்?

சரி, ஏன் பிடுங்கினீர்கள்? வகுப்புக்குப் போகாத கோபம் என்பீர்கள். அப்படியானால் 'இஸ்திரி போடுகிறவர் பையனோடு' என்று எதற்கு எழுதினீர்கள்? மாடி வீட்டு டாக்டர் பையனோடு டென்னிஸ் மட்டையும் கையுமாக நின்றிருந்தால் இதே வேகத்தில் பாய்ந்திருப்பீர்களா? அந்த மனிதர் தேய்த்துக் கொடுத்த சட்டையைத்தான் உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகிறான். சட்டையைத் தொடலாம், அவர் பிள்ளை உங்கள் பிள்ளையோடு விளையாடக் கூடாதா? இதில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். மனிதர்களைத் தரம் பிரிக்கிற பாடம் குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஏறும். ஃபீஸும் கிடையாது. வீட்டிலேயே, அம்மா முகத்தைப் பார்த்தே படித்துக்கொள்வார்கள்.

தெருவில் வண்டிகள் வருகின்றன என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி, நீங்களோ அவன் அப்பாவோ ஒரு நாற்காலியைப் போட்டு அங்கே உட்காருவது. வகுப்பு வாசலில் வண்டியில் உட்கார்ந்து போன் பார்க்கிற நேரம் இருக்கிறதே, அது போதும். பிள்ளை வளர்ப்பதில் பாதி வேலை பக்கத்தில் சும்மா இருப்பதுதான்.

நீச்சலா சிலம்பமா என்று கேட்டீர்கள். இரண்டும் நல்லவை. நீச்சல் எப்படியும் தெரிந்திருக்க வேண்டியது. கோடையில் கற்றுக்கொடுங்கள். சிலம்பம் மதுரைப் பிள்ளைக்குப் பொருத்தம்தான், ஆனால் கம்புக்கு முன்னால் காலடி பழக்குவார்கள், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். நாலாம் வாரம் 'இதிலும் நிற்கவில்லை' என்று எனக்கு எழுதாதீர்கள். எதில் சேர்த்தாலும் முதலில் ஒரு நாள் ஓரமாக நின்று கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேர வகுப்பில் பிள்ளைகள் எத்தனை நிமிடம் ஆடுகிறார்கள், எத்தனை நிமிடம் தன் முறைக்காக வரிசையில் நிற்கிறார்கள்? ஓடுகிற பிள்ளையை வரிசையில் நிறுத்தக் காசு கொடுப்பானேன்? 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வாரம் இரண்டு வகுப்பு அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறாரா என்றும் அவனையே கேளுங்கள், பல பள்ளிகளில் நடக்கிற கூத்து அது.

பள்ளியிலும் இதே புகார் வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

இன்னொன்று. கடிதத்தில் நாலு வகுப்புகளின் பெயர் இருக்கிறது, அந்தப் பையனின் பெயர் இல்லை. உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள். நாலு வகுப்புக்குப் பணம் கட்டின நீங்கள் அவனுக்குப் பம்பரம் வாங்கிக் கொடுத்ததாக எழுதவில்லை. அப்படியானால் பரணில் கிடப்பது அந்தப் பையனுடையது. இன்று சாயங்காலமே இறக்கி, உங்கள் கையாலேயே கொண்டுபோய் அவனிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். சாட்டையையும் சேர்த்து.