உறவை விட்டு வந்தவர்களா, உறவோடு வந்தவர்களா? சீடர்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் கூடப்பிறந்தவர்கள் யார் யார், பிரதர்?

பதில்: உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டு ஜோடி. பேதுருவும் அந்திரேயாவும், செபெதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும். இரண்டு வீட்டாரும் மீன்பிடித் தொழிலில் கூட்டாளிகள் என்கிறார் லூக்கா. செபெதேயு கூலியாட்களோடு படகிலேயே தங்கிவிட்டார். அவர் மனைவி அப்படியில்லை. மகன்களுக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இடம் கேட்டு இயேசுவிடம் சிபாரிசுக்கு வந்தவர் அந்த அம்மாதான். சிலுவையில் அறைந்த அன்று தூரத்தில் நின்று பார்த்த பெண்களிலும் அவர் இருந்தார்.

கேள்வி: பேதுரு பெண்டாட்டியை விட்டுவிட்டாரா?

பதில்: இல்லை. கேபா (பேதுருவின் இன்னொரு பெயர்) மனைவியைக் கூட்டிக்கொண்டுதான் ஊர் ஊராகப் போகிறார் என்று பவுலே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 9:5).

கேள்வி: "என் தாயார் யார், என் சகோதரர் யார்" என்று இயேசு கேட்டது பெற்ற தாயை அவமதிப்பது இல்லையா?

பதில்: மாற்கு 3ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் மேலிருந்து படியுங்கள். அவருக்கு மதிமயக்கம் என்று சொல்லி, வீட்டார் பிடித்துக்கொண்டு போக வந்திருந்தார்கள். அந்தச் சூழலில் வந்த பதில் அது. தேவசித்தம் செய்கிறவனே எனக்குச் சகோதரன், சகோதரி, தாய் என்கிறார். தகப்பன் அந்தப் பட்டியலில் இல்லை. பத்தாம் அதிகாரத்திலும் அப்படியே: விட்டு வந்தவற்றில் தகப்பன் உண்டு, நூறத்தனையாகத் திரும்பக் கிடைப்பவற்றில் இல்லை. அந்த இடம் கடவுளுக்கு மட்டும் என்பதுதான் கருத்து என்று நினைக்கிறேன். வீட்டில் அப்பா வைத்ததே சட்டம் என்றிருந்த காலத்தில் இது லேசான பேச்சில்லை. அதற்காகச் சொந்த வீட்டோடு உறவு அறுந்துபோகவும் இல்லை. மேலறையில் ஜெபித்தவர்களோடு மரியாளும் சகோதரரும் இருந்தார்கள். அந்தச் சகோதரரில் யாக்கோபு (செபெதேயுவின் மகன் அல்ல) எருசலேம் சபைக்கே தலைவரானார்.

கேள்வி: அந்தச் சகோதரர் கூடப்பிறந்தவர்கள்தானா?

பதில்: புராட்டஸ்டண்டுகளில் பெரும்பாலோர் ஆமாம் என்பார்கள். கத்தோலிக்கர் பெரியம்மா, சித்தி பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவு என்பார்கள். கீழைச் சபைகள் யோசேப்பின் மூத்த தாரத்துப் பிள்ளைகள் என்பார்கள். நான் முதல் கட்சி.

கேள்வி: பிலேமோனின் அடிமை ஒநேசிமுவைப் பவுல் தன் கடிதத்தில் சகோதரன் என்றது வாய்வார்த்தைதானே? திரும்ப எஜமானிடம்தானே அனுப்பினார்?

பதில்: அனுப்பினார், அதை மறைக்க வேண்டாம். அடிமைமுறையே கூடாது என்று அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. ஆனால் பவுல் பிலேமோனை எப்படி மடக்குகிறார் பாருங்கள். கடிதம் பிலேமோனுக்கு மட்டுமல்ல, அவர் வீட்டில் கூடுகிற சபைக்கும் சேர்த்து. நாலு பேர் நடுவில் வாசித்தால் அவர் எப்படி மறுப்பார்? "கட்டப்பட்டிருக்கையில் நான் பெற்ற பிள்ளை" என்கிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வை, நானே தீர்க்கிறேன் என்று கைப்பட எழுதிக் கொடுக்கிறார். அதே மூச்சில், நீயே எனக்குக் கடன்பட்டிருக்கிறாய், அதை நான் சொல்லவில்லை என்கிறார்! அப்புறம் கடைசியில், எனக்கும் தங்க இடம் ஆயத்தம் பண்ணி வை என்று ஒரு வரி. பெரியவர் நேரில் வந்து பார்ப்பார் என்று அர்த்தம்.

கேள்வி: பவுலோடு ஊழியம் செய்த பர்னபா மாற்குக்குப் பரிந்து பேசியது சொந்தக்காரன் என்பதாலா?

பதில்: அதுவும் இருந்திருக்கும். ஊழியப் பயணத்தில் பம்பிலியா நாட்டில் பாதியில் திரும்பியவனை மறுபடி சேர்க்க முடியாது என்று பவுல் ஒற்றைக்காலில் நின்றார். இருவரும் பிரிந்தே போனார்கள். கடைசியில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவரும் அதே பவுல்தான். இந்த விஷயத்தில் என் ஓட்டு பர்னபாவுக்கு.