அடுத்த வீட்டு நாய்க்குட்டி விற்பனை: உங்கள் கேள்விக்கு

அடுத்த வீட்டுக்காரர் தம் பெண் நாயை ஒவ்வொரு பருவத்திலும் இணைசேர்த்து, ஒரு மாதக் குட்டிகளைக் கூடையில் வைத்துத் தெருவோரத்தில் விற்கிறார் என்றும், இரக்கப்பட்டு நீங்கள் வாங்கிய குட்டி ஐந்தாம் நாளே பார்வோ என்ற வைரஸ் தொற்றுநோயால் இறந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். மீதிக் குட்டிகளையும் வாங்கிக் காப்பாற்ற நினைப்பது புரிகிறது, ஆனால் வேண்டாம். விற்பவருக்கு உங்கள் இரக்கமும் வருமானமே. கூடை காலியானால் அடுத்த ஈற்றுக்குத் துணிவு வரும்.

பார்வோ தொற்றிய பிறகு அறிகுறி தெரியப் பொதுவாக 3 முதல் 7 நாட்கள் ஆகும் என்பதால், விற்கும்போதே அந்தக் குட்டிக்குத் தொற்று இருந்திருக்க வாய்ப்புண்டு. 8 வாரத்திற்கு முன் தாயைப் பிரிந்து, தடுப்பூசியும் இல்லாமல், பலர் கைபட்டு வெயிலில் கிடக்கும் குட்டிக்கு வேறென்ன நேரும்?

மருத்துவரிடம் இறப்பின் காரணத்தை எழுத்தில் பெற்று, பணம் கொடுத்த சான்றுடனும் படங்களுடனும் உள்ளாட்சி அலுவலகத்திலும் விலங்கு நல அமைப்பிலும் புகார் கொடுங்கள். குட்டிகளைவிடத் தாய் நாயின் நிலையை அதில் விரிவாக எழுதுங்கள். ஏறக்குறைய 63 நாள் சினை, பிறகு பாலூட்டல், உடல் தேறுவதற்குள் மீண்டும் பருவம் என்ற சுழற்சிதான் கண்காணிப்பாளர் நேரில் பார்த்து உறுதிசெய்யக்கூடியது. அடுத்த வீட்டுக்காரர் பேச்சுக்கு இணங்குபவராயின், கருத்தடைச் செலவில் பங்கேற்பதாகச் சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை, பலர் கொடுமையால் அல்ல, அறியாமையால்தான் இதைச் செய்கிறார்கள்.

பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும், சோப்புக்கும் அழியாது. ஆகவே தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டியை இப்போதைக்கு உங்கள் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.