மருத்துவர் பதில்: அம்மாவின் வலிக்குக் கஞ்சா எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. இடுப்பிலும் முதுகிலும் தாங்க முடியாத வலி. கீமோ போட்டு வந்தால் நான்கைந்து நாள் வாந்தி. இதய வால்வு மாற்றியதால், ரத்தம் உறையாமல் இருக்கப் பல வருடமாக வார்ஃபரின் சாப்பிடுகிறார். ஜி.எச்.சில் மார்பின் தண்ணீர் மருந்து கொடுத்தார்கள். "அது கடைசிக் கட்டத்துல கொடுக்கிறது" என்று சொந்தக்காரர்கள் சொன்னதால் பயந்து அலமாரியிலேயே வைத்துவிட்டோம். போன மாதம் தாய்லாந்தின் ஹாட்யாய் போன அண்ணன் ஒரு சின்ன பாட்டில் கஞ்சா எண்ணெய் வாங்கி வந்தார். மூன்று வாரமாக இரவில் நாக்குக்கு அடியில் சில சொட்டு விடுகிறோம். கொஞ்சம் தூங்குகிறார். இது புற்றுநோயையே கரைத்துவிடும் என்றும் சொல்கிறார்கள். மருத்துவரிடம் இன்னும் சொல்லவில்லை. மூலிகைதானே, தொடரலாமா? தாய்லாந்தில் அனுமதித்துவிட்டார்களே, இங்கே ஏன் இல்லை?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளைக் காலையே அம்மாவை வார்ஃபரின் புத்தகத்தோடு கிளினிக்குக்கு அழைத்துப் போய், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அடுத்த அப்பாயின்மென்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல் ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் தழும்பு, கறுப்பு மலம், திடீர்க் கடுமையான தலைவலி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரைகூடக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வார்ஃபரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். செயற்கை வால்வு உள்ளவருக்கு அது வேறு ஆபத்தைக் கொண்டுவரும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கஞ்சாச் செடியில் உள்ள சி.பி.டி. என்ற பொருளும் வார்ஃபரினும் கல்லீரலில் ஒரே வழியாகத்தான் கரைந்து வெளியேற வேண்டும். பினாங்குப் பாலத்து டோல் சாவடியில் பாதி வழியை அடைத்துவிட்டால் வண்டிகள் எப்படித் தேங்கி நிற்கும்? அதுபோல வார்ஃபரின் ரத்தத்தில் தேங்கும். நீங்கள் கொடுக்கும் மாத்திரை பழைய அளவுதான். ஆனால் உடம்புக்குள் அது கூடுதல் அளவுபோல வேலை செய்யும். இப்படி ஐ.என்.ஆர். ஏறியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. எண்ணெயைத் திடீரென்று நிறுத்தினாலும் அந்த எண் மறுபடி மாறலாம். அதனால்தான், நிறுத்தினாலும் கிளினிக்கில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்கிறேன்.

"மூலிகைதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு நம் வீடுகளில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் பாட்டியும் வேப்பிலையையும் ஓமத்தையும் வைத்துத்தான் எங்களை வளர்த்தார். ஆனால் உங்கள் வீட்டில் நடந்திருப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அலமாரியில் இருக்கும் மார்பினும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியில் விளைகிறதோ, அதே செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். 1800களின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானிய மருந்தாளர் அதிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தார். அதன் பிறகுதான் ஒரு சொட்டில் எவ்வளவு இருக்கிறது, இந்த எடையுள்ள ஆளுக்கு எவ்வளவு போதும், எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அளக்க முடிந்தது. அளந்து தெரிந்த ஒன்றைப் பயந்து பூட்டி வைத்துவிட்டு, அளவே தெரியாத ஒன்றை அம்மாவின் நாக்குக்கு அடியில் விடுகிறீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக நோயாளிகளின் வீடுகளில் நான் பார்த்து வருத்தப்படுவது இதுதான்.

அந்த பாட்டிலில் உண்மையில் என்ன இருக்கிறது? 2017இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்டிருந்த அளவு சரியாக இருந்தவை மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஐந்தில் ஒன்றில் போதை தரும் டி.எச்.சி. இருந்தது. அங்கேயே அப்படி என்றால், ஹாட்யாய்க் கடையில் வாங்கிய பாட்டிலைப் பற்றி நான் என்ன உறுதி கொடுக்க முடியும்? நம் மலேசியாவில் பதிவான மருந்தாக இருந்தால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். உங்களிடம் இருப்பதில் அதைத் தேடிப் பாருங்கள். 63 வயதில், கீமோவில் தளர்ந்து, எலும்பும் பலவீனமான ஒருவர் டி.எச்.சி. மயக்கத்தில் இரவு பாத்ரூமுக்கு எழுந்து வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு உடையும். வார்ஃபரின் சாப்பிடுபவர் தலையில் அடிபட விழுந்தால் இன்னும் மோசம்.

அடுத்து, புற்றுநோயைக் கரைக்குமா? ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்கும் செல்களைக் கஞ்சாப் பொருட்கள் கொல்வதைக் காட்டியிருக்கிறார்கள். மனித உடம்பில் புற்றுநோயைக் குணப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. யாராவது அப்படிச் சொல்லி கீமோவை நிறுத்தச் சொன்னால், அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் கேட்காதீர்கள்.

வலிக்கும் வாந்திக்கும் பலன் உண்டா என்பது நியாயமான கேள்வி. கீமோ குமட்டலுக்கு டி.எச்.சி. வகை மாத்திரைகளை அமெரிக்கா 1985லேயே அனுமதித்தது. இப்போது அதைவிட நல்ல மருந்துகள் இருப்பதால் அவை பின்வரிசைக்குப் போய்விட்டன. ஆஸ்திரேலியாவில் அண்மையில் நடந்த ஆய்விலும் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத குமட்டலில் ஓரளவு பலன் தெரிந்தது, தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் கூடவே வந்தன. புற்றுநோய் வலியில்தான் ஏமாற்றம். மார்பின் வகை மருந்துக்கும் அடங்காத வலிக்கு வாயில் தெளிக்கும் கஞ்சா மருந்தைப் பெரிய ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்தபோது, மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்தைவிட அது தெளிவாக மேல் என்று காட்ட முடியவில்லை. அம்மா கொஞ்சம் தூங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தூக்கம் உண்மையாக இருக்கலாம், அது எனக்கும் ஆறுதல்தான். ஆனால் மயங்கிக் கிடப்பது வேறு, வலி குறைவது வேறு. காலையில் எழுந்து உட்காரும்போது முகம் சுளிக்கிறாரா? அதைக் கவனியுங்கள்.

கஞ்சாவிலிருந்து வந்த மருந்து நிச்சயமாக உதவுகிற இடம் ஒன்று உண்டு. டிராவே, லெனாக்ஸ் காஸ்டோ எனப்படும் கடுமையான வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு. ஒரு நாளில் பல முறை வலிப்பு வரும். சுத்தப்படுத்திய சி.பி.டி. மருந்தை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 ஜூனில் இவர்களுக்கு அனுமதித்தது. குழந்தையின் எடைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள், கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டே இருக்கிறார்கள். கல்கத்தாவில் வேலை பார்த்த ஒஷாக்னஸி என்ற ஐரிஷ் மருத்துவர் 1839லேயே வலிப்பு வந்த ஒரு பச்சிளங்குழந்தைக்குக் கஞ்சாச் சாற்றைக் கொடுத்து எழுதி வைத்தார். அவர் அன்று கண்டது சரியான அளவோடு மருந்துக் கடைக்கு வந்து சேர ஏறக்குறைய 180 வருடம் ஆனது.

இனி சட்டம். இதில் பூசி மெழுக முடியாது. நம் நாட்டில் கஞ்சா 1952ஆம் வருட அபாயகர போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. வைத்திருந்தாலே சிறை உண்டு, அளவு கூடினால் பிரம்படியும் உண்டு. 200 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். கடத்தலுக்கு மரணம்தான் என்ற கட்டாயம் 2023 ஜூலையில் நீங்கியது, மரண தண்டனை நீங்கவில்லை. "கடத்தல்" என்ற சொல்லுக்குச் சட்டம் வைத்திருக்கும் பொருளும் அகலமானது. கொண்டுவருவது, மறைத்து வைப்பது, இன்னொருவருக்குக் கொடுப்பதுகூட அதற்குள் அடங்கும். நோயாளிகளுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக் கஞ்சா எண்ணெய் கொடுத்த ஓர் இளைஞருக்கு 2018இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததை நாடே பேசியது.

ஆகவே அண்ணனிடம் சொல்லுங்கள். புக்கிட் காயூ ஹீத்தாம் எல்லை வழியாக இனி ஒரு சொட்டுகூட அவர் கொண்டுவரக் கூடாது. அன்பு காரணம் என்பதைச் சுங்கச் சாவடியில் யாரும் எடை போட்டுப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் இருப்பதை "உங்க அம்மாவுக்கும் உதவுமே" என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் வேண்டாம். இதில் வந்துவிட்ட சிக்கலுக்கு ஒரு வழக்கறிஞரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் இருக்கிறது.

தாய்லாந்தைச் சொன்னீர்கள். அங்கே 2018 இறுதியில் மருத்துவத்துக்கு மட்டும் அனுமதித்தார்கள். 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள், தெருவுக்குத் தெரு கடை வந்தது. 2025இல் கஞ்சாப் பூ வாங்க மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்பவும் இறுக்கினார்கள். இங்கேயும் கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. 2021 நவம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில், கஞ்சா கலந்த மருத்துவப் பொருள் முறைப்படி பதிவாகி உரிமம் பெற்றிருந்தால் இறக்குமதி செய்து பயன்படுத்தச் சட்டம் தடுக்கவில்லை என்று சொன்னார். அதாவது மற்ற மருந்து வருகிற வாசல் வழியாகவே இதுவும் வரலாம்.

என் கருத்தைக் கேட்டால், அந்த வாசலை இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும். வலிப்புக் குழந்தைகளுக்கான மருந்து இங்கே எளிதாகக் கிடைக்க வேண்டும், நம் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ஆய்வு நடக்க வேண்டும். வலியில் துடிக்கும் நோயாளியையும் லாபத்துக்கு விற்பவனையும் சட்டம் ஒரே தராசில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே சமயம், கடைத்தெருவில் திறந்துவிட்டு அதற்கு "மருத்துவம்" என்று பெயர் வைப்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன். பதின்ம வயதில் தொடர்ந்து கஞ்சா புகைத்து, மனச்சிதைவோடு பெற்றோர் அழைத்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அம்மாவிடம் வருவோம். இந்தச் சர்ச்சை எப்போது தீருமோ, அம்மாவுக்கு இன்று இரவு வலிக்கும்.

மார்பின் கடைசி மருந்து கிடையாது. வலி கடுமையாக இருக்கும்போது கொடுப்பது, வலி குறைந்தால் குறைப்பது. மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டே கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு பாட்டி காலையில் மார்பின் குடித்துவிட்டுத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவடிகளைப் பார்த்தார். முதல் சில நாள் கொஞ்சம் தூக்கம் வரும், குமட்டும், அப்புறம் அது தணியும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். புற்றுநோய் வலிக்கு, மருத்துவர் அளந்து கொடுக்கிறபடி சாப்பிடுபவர் அதற்கு அடிமையாவது அரிது. மூச்சு நின்றுவிடும் என்ற பயமும் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றும்போது தேவையில்லை. ஆனால் அந்த எண்ணெயோடு சேர்த்து மட்டும் கொடுக்காதீர்கள், இரண்டு மயக்கமும் கூடிவிடும். மார்பின் பாட்டில் எப்போது திறந்தது, காலாவதி எப்போது என்று பார்த்து, புதிதாக வாங்கி, மருத்துவர் சொல்லும் அளவில் தொடங்குங்கள்.

எலும்பு வலிக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது, நிறைய குடும்பங்களுக்கு அது தெரிவதில்லை. வலிக்கிற எலும்பில் கதிர்வீச்சு. பல நேரங்களில் ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும். பத்தில் ஆறு பேருக்கு வலி குறைகிறது, சில வாரத்தில் பலன் தெரியும். எலும்பை உறுதிப்படுத்தும் ஊசியும் உண்டு. வாந்திக்கு இப்போது கொடுக்கும் மாத்திரை போதவில்லை என்றால் மாற்றவும் கூட்டவும் நான்கைந்து மருந்துகள் இருக்கின்றன, ஆனால் "போதவில்லை" என்று நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். கடையில் கேட்டு வாங்கும் டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரை மட்டும் வேண்டாம், வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். முதுகு வலியோடு கால் மரத்துப் போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்ணெய் விஷயத்தைப் புற்றுநோய் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். நான் பழகிய மருத்துவர்கள் எவரும் இதைக் கேட்டதும் முதலில் கேட்பது "எவ்வளவு, எத்தனை நாள், கடைசியாக எப்போது" என்றுதான். மூன்றுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூடவே, "வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்புங்கள்" என்று நீங்களாகவே கேளுங்கள். கோலாலம்பூர் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு, 1991இலிருந்து இயங்கும் ஹாஸ்பிஸ் மலேசியாவின் தாதியர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், காசு வாங்குவதில்லை.

இன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் வலி பத்துக்கு எத்தனை என்று அம்மாவையே கேட்டு எழுதுங்கள். "பரவாயில்லம்மா" என்று சொன்னால் விடாதீர்கள், திரும்பக் கேளுங்கள். நம் அம்மாக்கள் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துத்தான் எண் சொல்வார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த எண்களையும் ஐ.என்.ஆர். முடிவையும் எனக்கு எழுதுங்கள்.